நஞ்சுண்டன் செல்லோ கேட்ட கதை

இந்த வாரமும் சம்பந்தி டிக்கெட் எடுத்துவிட்டார். சினிமாப் பின்னணி இசையை அறுபது பேர் மேடையில் உட்கார்ந்து வாசிப்பார்களாம்.

"பேசாம ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிப்போடுங்க," என்றாள் மனைவி சாமியாத்தாள்.

"தையில கல்யாணத்த வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது? படிச்ச குடும்பம். அப்பன் ஞானசூன்யம்னு தெரிஞ்சா, நாளைக்கு நம்ம லோகப்பிரியாவையல்ல எளக்காரமாப் பாப்பாங்க," என்றார் நஞ்சுண்டன்.

துடியலூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் இருபத்தெட்டு வருடமாக மோட்டார் சோதிப்பவர் அவர். ஓடுகிற மோட்டாரைக் கண்ணை மூடிக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். அந்தக் காதுதான் வம்பில் மாட்டிவிட்டது.

மாப்பிள்ளை வீடு பார்க்கப் போன அன்று, அங்கே கூடத்து ஸ்பீக்கரில் வயலின் கூட்டம் ஒன்று பலமாக முழங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அடியில் தண்ணீர் மோட்டார் கொரகொரத்தது. நஞ்சுண்டன் கண்ணை மூடி, விரலால் தொடையில் தட்டிக் கணக்குப் பார்த்து, பேரிங்தான் கோளாறு என்று தீர்மானித்தார். சொல்ல வாயெடுத்தபோது சாமியாத்தாள் கிள்ளினாள். போன இடத்தில் மோட்டார்ப் பேச்சு கூடாதென்பது அவள் உத்தரவு.

"சம்பந்திக்கு ஆர்க்கெஸ்ட்ரான்னா புடிக்குங்களா?" என்றார் எதிரில் இருந்த மாப்பிள்ளையின் அப்பா பாலுசாமி.

"உசுருங்க," என்று வாயில் வந்துவிட்டது. அன்றிலிருந்து வாரம் ஒரு கச்சேரி.

கம்பெனியில் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷன் நசுருதீன்தான் வழி சொன்னான். "எல்லாத்தையும் சேத்துக் கேக்காதீங்கண்ணா. ஒரே வாத்தியத்தப் புடிச்சுக்கங்க. அது எங்க வருது, எங்க ஒளியுதுன்னு பின்னாலயே போங்க."

வயலினுக்குப் பெரியண்ணன்போல் அடிக்குரலில் முழங்கும் செல்லோவை நஞ்சுண்டன் பிடித்துக்கொண்டார். அதன் சத்தம்தான் அஞ்சு எச்.பி. மோட்டார் சத்தத்துக்குக் கிட்டத்தட்ட இருந்தது. காதில் இயர்போனோடு வேலை பார்த்ததில் கெட்ட மோட்டார் இரண்டு நல்ல மோட்டார்களோடு போய்ச் சேர்ந்தன. மேனேஜர் கூப்பிட்டுத் திட்டினார். இருபத்தெட்டு வருடத்தில் முதல் திட்டு.

பட்ட பாட்டுக்குப் பலன் வேண்டாமா? சம்பந்தியிடம் போனில், "போன வாரம் ரெண்டாவது பகுதியில செல்லோ கொஞ்சம் அமுங்கிப்போச்சுங்க," என்று எடுத்துவிட்டார்.

அந்தப் பக்கம் பாலுசாமி "செல்லோ" என்று முணுமுணுத்து எழுதிக்கொள்வது கேட்டது.

"அப்ப இந்த வாரம் செல்லோவுக்கு நேரெதிர்லயே எடுத்துப்போடறனுங்க," என்றார் பாலுசாமி.

இப்படித்தான் முதல் வரிசை வந்தது. தப்பித்துத் தூங்கவும் வழியில்லை.

கச்சேரி தொடங்கியது. நஞ்சுண்டன் வழக்கம்போல் செல்லோவின் பின்னால் போனார். அது வயலின்களுக்கு அடியில் போய் மறைந்தது. போயே போய்விட்டது என்று நினைத்தபோது, எல்லா வாத்தியமும் ஓய்ந்த இடத்தில் தனியாகத் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது நன்றாகத்தான் இருக்கிறது என்று முதல்முறையாகத் தோன்றியது.

இடைவேளையில் பாலுசாமி பையிலிருந்து ஒரு நோட்டும் பேனாவும் எடுத்தார். "அந்தக் கடைசி எடத்தப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்க சம்பந்தி."

இத்தனை நாள் சரளமாக வந்த பொய் இப்போது வரவில்லை. நிஜமாகவே பிடித்துப்போனதை வைத்துக்கொண்டு கதைவிட நஞ்சுண்டனுக்கு மனசு ஒப்பவில்லை.

"சம்பந்தி, மன்னிச்சுக்கங்க. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. அன்னிக்கு நான் கண்ண மூடிக் கேட்டது பாட்ட இல்லீங்க, உங்க ஊட்டு மோட்டார. பேரிங் போயிருக்குதுங்க."

பாலுசாமி நோட்டை மெதுவாக மூடினார். பக்கத்தில் இருந்த சாமியாத்தாள் தலை குனிந்துகொண்டாள். கல்யாணம் அவ்வளவுதான் என்று நஞ்சுண்டன் நினைத்தார்.

காபி வாங்கி வந்த சம்பந்தியம்மாள் புவனா, தம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"எங்கூட்ல மட்டும் யாருக்குங்கண்ணா இதெல்லாம் தெரியும்? நீங்க உசுருன்னதாலதான் இவரு வாராவாரம் டிக்கெட் எடுத்து, நோட்டுப் போட்டுப் படிக்கறாரு. மோட்டார்க்காரரு வாராரு, அந்தக் கொரகொரப்பு அவரு காதுல உழுந்துரக் கூடாதுன்னு நாந்தான் அன்னிக்குக் கெடச்ச பாட்ட எடுத்துச் சத்தமா வெச்சேன்."