சாமி தொடாத காளான்

சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகும் மினி பஸ்ஸில் இந்த ஐப்பசியில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே ஓர் அற்புதம். பால்காரர், வேலைக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாரையும் படிக்கட்டில் தொங்கவிட்டு பக்தர்கள் உள்ளே உட்கார்ந்துகொண்டார்கள். கடலூரிலிருந்து காரில் வந்தார்கள். புதுச்சேரியிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். யாரைப் பார்க்க? காளான் சித்தரை.

சிரிக்காதீர்கள். படித்தவர்களும் போனார்கள். சொல்லப்போனால் அவர்கள்தான் ஜாஸ்தி. கார் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே.

இமயமலைப் பனியில் உறைந்து கிடந்தவர் கொள்ளிடக் கரைக்கு வந்து உருகினார் என்று யூடியூப் சொன்னது. பெண்ணாடத்துக்காரர்கள் வேறு கதை சொன்னார்கள். அங்கே அவர் பெயர் தங்கராசு. சர்க்கரை ஆலை இருக்கிற ஊரில் சர்க்கரை வியாதிக்குச் சூரணம் விற்றவர். சூரணம் தின்றவர்களுக்குச் சர்க்கரை ஏறியது, தங்கராசு பஸ் ஏறினார்.

குமராட்சிக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக ஒரு தகர ஷெட்டை வாடகைக்குப் பிடித்து முன்னால் மேடை போட்டார். எதிரே இருந்தது லோகநாயகியின் நிலம். சம்பா நட்டு, நாலு மாடு கட்டிப் பால் ஊற்றிப் பிழைக்கிற பெண். வயலைத் தாண்டினால் மாடு மேய்கிற மேட்டுத் திடல், அதுவும் அவள் நிலந்தான். மழை விட்டு வெயில் அடித்தால் அங்கே சாணியில் காளான் முளைக்கும். ஊர்க்காரர்கள் அந்தக் காளானை மட்டும் தொட மாட்டார்கள். தின்றால் புத்தி பேதலிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பேதலிப்புக்கு ஞானம் என்று பெயர் வைத்ததுதான் தங்கராசு செய்த ஒரே தவம்.

"பக்தன் தன் கையால பறிக்கணும். தன் கையால எடுத்தாரணும். நான் தொட மாட்டேன். நான் வழி மட்டுந்தான் காட்டுவேன்" என்பார் சித்தர், சால்வைக்குள் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு. வயலில் அவர் காலே படாது. ரோட்டோரத்து மேடையை விட்டு இறங்க மாட்டார்.

"எவ்ளோ பணிவு பாருங்க" என்று உருகினார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். இத்தனை வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவர், இவரை ஒரு கேள்வி கேட்கவில்லை.

தின்றவனுக்குச் செத்துப்போன அப்பா தெரிந்தால் அது சித்தர் அருள். வாந்தி வந்தால் அவன் செய்த பாவம் வெளியேறுகிறது. ஒன்றுமே நடக்கவில்லையா, அவனுக்கு நம்பிக்கை பத்தவில்லை, நாளைக்கும் வரவேண்டும். எப்படிப் போனாலும் காணிக்கைக்கான க்யூஆர் அட்டையில்தான் போய் முட்டிக்கொள்ள வேண்டும்.

இந்தக் கூட்டத்தில் போய் மாட்டினான் கடலூர் செம்மண்டலத்து சகாய ஆனந்த். அரசுத் தேர்வு எழுதிப் பாஸாகி, சான்றிதழ் சரிபார்ப்பும் முடித்தவன். பாக்கி போலீஸ் விசாரணை ஒன்றுதான். இவன் மேல் கேஸ் கீஸ் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து எழுதிப் போட்டால் வேலை ஆர்டர் கையில். அப்பா இறந்த பிறகு அவனைப் படிக்க வைத்த அக்கா மேரி ஷாலினி அந்த ஒரு வரிக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆனந்துக்குத்தான் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் முழங்கால் போட்டு வேண்டினான். ஆண்டவர் தேதி சொல்லவில்லை. சித்தர் தேதியோடு சொல்வாராம். திங்கட்கிழமை கிளம்பிவிட்டான்.

கூட்டிப்போனவன் அவன் கூட்டாளி சிலம்பரசன். "எங்க சித்தப்பாவோட நெலம் கேஸு எந்த மாசம் முடியும்னு கரெக்டா காட்டிச்சு மச்சான்."

"முடிஞ்சிச்சா?"

"மாசம் முடிஞ்சிச்சு. கேஸு நடக்குது."

இதைக் கேட்ட பிறகும் பைக்கில் ஏறினான் என்றால் அவன் எந்தத் தேர்வில் பாஸானான் என்று எனக்கே சந்தேகம். போனான், வயலில் இறங்கினான், பறித்தான், தின்றான். அரசு முத்திரை போட்ட கவர் ஒன்று சிறகு முளைத்துப் பறந்தது. அதில் தேதியைப் படிக்கப் போகிற சமயத்தில் வாந்தி வந்துவிட்டது. "பாவம் பாதிதான் போயிருக்குது. வெள்ளிக்கெழம வா" என்றார் சித்தர்.

நட்ட பயிர் தினமும் மிதிபட்டது. லோகநாயகி வரப்பில் நின்று மறித்தாள்.

"ஏம்பா, யாரக் கேட்டு எறங்குறீங்க?"

"காளான் பறிக்க யாராவது பர்மிஷன் கேப்பாங்களாம்மா? நீங்களா நட்டீங்க?"

இந்தப் பக்கத்து வழக்கம் அது. கரையான் புற்றில் முளைக்கிற புத்துக் காளான் யார் கண்ணில் முதலில் படுகிறதோ அவர்களுக்குச் சொந்தம். யார் நிலமாக இருந்தாலும் மடியில் பறித்துப் போட்டுக்கொண்டு போய்க் குழம்பு வைப்பார்கள். நிலத்துக்காரரும் கேட்க மாட்டார். இந்த நல்ல வழக்கத்தைத்தான் தங்கராசு திருடிக்கொண்டார். குழம்புக் காளானுக்கு இருந்த உரிமையைப் போதைக் காளானுக்கும் நீட்டிவிட்டார். ஒருவருக்கும் வித்தியாசம் உறைக்கவில்லை.

லோகநாயகி மேடைக்கே போனாள்.

"பூமாதேவி குடுத்தது தாயி. அதுக்குப் போயி நீ சொந்தம் கொண்டாடலாமா?"

"பூமாதேவி வரி கட்டல சாமி. நான்தான் கட்டுறேன்."

கூட்டம் அவளைப் பாவி என்றது. அவள் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே ஏட்டு நல்லவிதமாகத்தான் எச்சரித்தார். "அது போதை கேஸுக்கா. உன் நெலத்துல நடக்குது. தெரிஞ்சும் சும்மா இருந்தீனா நாளைக்கு உன்னையுந்தான் விசாரிப்பாங்க. நல்ல வக்கீலா பாத்து எழுதிக் குடு." மாடு சாணி போட்டதற்குத் தான் ஜெயிலுக்குப் போவதா என்று கேட்டுக்கொண்டே அவள் வெளியே வந்தாள். வயலில் இறங்கியவர்களைச் செல்போனில் படம் பிடித்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு சிதம்பரம் கோர்ட்டுக்கு வந்து ஒரு பெண் வக்கீலைப் பிடித்தாள். அந்த வக்கீல்தான் மேரி ஷாலினி.

ஷாலினி படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை எடுத்த ஒரு படத்தில் விரல் நின்றுவிட்டது. சாணிக்கு முன்னால் குந்தி, கண்ணை மூடிக் கைகூப்பிக்கொண்டிருந்தது அவள் தம்பி.

சாயங்காலம் செம்மண்டலம் வீட்டில் கேட்டாள். "திங்கக்கெழம எங்கடா போன?"

"லைப்ரரிக்குக்கா."

படத்தைக் காட்டினாள். "இந்த லைப்ரரில சாணிதான் இருக்குது."

அவன் முகம் தொங்கிப் போயிற்று. "அது இயற்கைக்கா. தானா மொளைக்குது. அதுல இன்னா தப்பு?"

"கஞ்சாவ மட்டும் ஃபேக்டரிலயா செய்றாங்க? அந்தக் காளானுக்குள்ள இருக்கிற சரக்கு போதைப்பொருள் சட்டத்துப் பட்டியல்ல இருக்குதுடா. பறிச்சாலும் வம்பு, பையில வெச்சிருந்தாலும் வம்பு, தின்னாலும் வம்பு. அடுத்தவங்க நெலத்துல நொழைஞ்சது தனி கேஸு. கோர்ட்டுல வாதாட ஆயிரம் பாயிண்ட் இருக்குது, நானே வாதாடுவேன். ஆனா நான் வாதாடி முடிக்கிறதுக்குள்ள உன் ஸீட்டுல வேற ஒருத்தன் உக்காந்து ரிடையர் ஆயிடுவான்."

"சாமி தப்பான வழி காட்டுவாரா?"

"உங்க சாமி ஒரு காளானயாவது கையால தொட்டு நீ பாத்திருக்கியா?"

ஆனந்த் யோசித்தான். அந்த மாதத்தில் அவன் யோசித்தது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை காலை. மேடைக்கு முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு கூட்டம். ஷாலினியும் லோகநாயகியும் வந்தார்கள். பின்னால் ஆனந்த். லோகநாயகி கையில் ஒரு மூங்கில் கூடை, மேலே வாழையிலை மூடியிருந்தது.

"சாமி, இவுங்கதான் நெலத்துக்குச் சொந்தக்காரங்க" என்றாள் ஷாலினி. "தப்பா பேசிட்டோம்னு வருத்தப்படுறாங்க. அவுங்களே கொண்டாந்து சமர்ப்பிக்கிறாங்க."

இலையை விலக்கியதும் சித்தர் எட்டிப் பார்த்தார். சாணி அப்பிய வெள்ளைக் காளான்கள். கண்ணை மூடினார். "ஆகா. நாதம் கேக்குது. இது மூணு ஜென்மத்தக் காட்டுற காளான். பூமாதேவி மனசு எறங்கிட்டா."

"அப்ப உங்க கையால ஒண்ணு எடுத்து ஆசீர்வாதம் பண்ணுங்க சாமி."

"நான் தொட மாட்டேன்."

"தின்ன வேணாம். சும்மா கையில வெச்சா போதும். ஒரு போட்டோ."

சால்வைக்குள் கை இன்னும் உள்ளே போயிற்று. "நான் தொட்டா அதோட சக்திய ஒலகம் தாங்காது."

"ஒலகம் தாங்குதா இல்லியான்னு பாத்துடலாம்" என்று சொல்லி லோகநாயகி கூடையை அப்படியே அவர் மடியில் கவிழ்த்தாள்.

தேள் கொட்டினது மாதிரி துள்ளினார் சித்தர். மேடையிலிருந்து குதித்தார், சால்வையை உதறினார், வேட்டியை உதறினார், ஜடாமுடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உள்ளே தங்கராசுவின் கிராப்பு எட்டிப் பார்த்தது. "நான் தொடல. எல்லாரும் சாட்சி. நீங்கதான் பறிச்சீங்க, நீங்கதான் தின்னீங்க. எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. என்மேல கேஸு நிக்காது."

முன்வரிசை இரண்டு அடி பின்னால் நகர்ந்தது.

தலைமையாசிரியர்தான் மெல்ல வாயைத் திறந்தார். "கேஸா? பிரசாதம்னீங்களே சாமி?"

"இவருக்குச் சட்டம் தெரியும் சார்" என்றாள் ஷாலினி. "வந்த அன்னிக்கே தெரியும். அதான் உங்க கையால பறிக்க வெச்சாரு. மாட்டுனா நீங்க, மாட்டலனா காணிக்கை அவருக்கு. இப்ப கீழ கெடக்கிறதப் பயப்படாம எடுத்துப் பாருங்க. பட்டன் காளான். சிதம்பரம் கடையில பாக்கெட் போட்டு விக்கிறது, பிரியாணிக்குப் போடுறது. சாணி மட்டும் இந்தம்மா வீட்டு மாட்டோடது. அதுலதான் இவருக்கு மூணு ஜென்மம் தெரிஞ்சிச்சு."

கூட்டம் பொங்கியது. விடக்கூடாது, புகார் கொடுப்போம், உள்ளே தள்ளுவோம் என்று கத்தினார்கள். இத்தனை நாள் உருகினவர்களுக்கு இப்போது எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது.

"குடுங்க" என்றாள் ஷாலினி. "இந்த ஆளு பேச்ச நம்பி அடுத்தவங்க நெலத்துல எறங்கி, போதைக் காளானப் பறிச்சித் தின்னேன்னு எழுதி ஒவ்வொருத்தரும் கையெழுத்துப் போடுங்க."

வீரம் வந்த வழியே போயிற்று. ஒருவர் செருப்பைத் தேடினார். ஒருவருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. தலைமையாசிரியருக்குப் பிரஷர் மாத்திரை ஞாபகம் வந்தது. தங்கராசு மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். அவரைக் காப்பாற்றியது எந்தத் தெய்வமும் இல்லை, இவர்களுடைய வெட்கம்தான். ஏமாந்தவன் வாயைத் திறக்க முடியாதபடி ஏமாற்றியிருந்தார் மனிதர்.

லோகநாயகி கலங்கிவிட்டாள். "வக்கீலம்மா, ஒருத்தரும் சொல்லலனா நாளைக்கு கேஸுல என் நெலமும் என் மாடுந்தானே மிஞ்சும்?"

"நான் எழுதித் தர்றேன்" என்றான் ஆனந்த்.

ஷாலினி திரும்பினாள். "டேய், உன் ஆர்டருடா."

"இந்தம்மா ஒரு தப்பும் பண்ணலக்கா. தப்பு பண்ண நான் வாய மூடிக்கினு போனா, கேஸுல இவுங்க பேரத்தான் எழுதுவாங்க."

அக்காவாக அவன் வாயைப் பொத்திவிடலாம் என்று இருந்தது அவளுக்கு. வக்கீலாகப் பேனாவை எடுத்தாள். கண் நிறைந்து எழுத்து தெரியவில்லை, துடைத்துக்கொண்டு எழுதினாள். தொடாதவன் மேல் கேஸ் நிற்காது என்று தங்கராசுவுக்கு யார் சொன்னார்களோ, தூண்டிவிட்டதும் ஏமாற்றியதும் குற்றம் என்று அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். மத்தியானம் போலீஸ் ஜீப் வந்து தங்கராசுவை ஏற்றிக்கொண்டு போயிற்று.

ஆனந்துக்கு ஆர்டர் இன்னும் வரவில்லை. வருமா என்பதும் தெரியவில்லை. விசாரணைக்குக் கூப்பிடும்போதெல்லாம் அக்காவோடு போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறான். செம்மண்டலத்தில் சிலர் அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். சித்தர் சாபமாம். சாபத்தைக் கழிக்க விருத்தாசலம் பக்கம் ஒருவர் புதிதாக வந்திருக்கிறாராம், எலுமிச்சம்பழத்தைப் பேச வைக்கிறாராம், அன்று ஷெட்டில் செருப்பைத் தேடிய அதே ஆட்கள் வேன் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

போங்கள் ஐயா, போங்கள். எந்தச் சாமி காலில் வேண்டுமானாலும் தலையை வையுங்கள், அது உங்கள் இஷ்டம். வைப்பதற்கு முன்னால் அந்தத் தலையை ஒரே ஒரு தடவை உபயோகித்துவிட்டு வையுங்கள்.