ரோணியரின் திருத்திய பதிப்பு

வன்னியில் அந்த நாட்களில் ஓடாத மனிதர் இல்லை. சிலர் நெல்லு மூட்டையோடு ஓடினார்கள். சிலர் கதவு யன்னலைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். என் அம்மா குழவியைத் தூக்கிக்கொண்டு, அம்மியை விட்டுவிட்டு ஓடினார். ஆனால் ஒரு பதிப்பகத்தையே சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஓடிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர்தான் ரோணியர்.

சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கிளிநொச்சியில் ஒரு ரியூட்டரியை மூடியபோது, பிள்ளைகளுக்குக் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்த பழைய ரோணியோ மெசின் ஒன்று அநாதையாக நின்றது. கைபிடியைச் சுற்றச் சுற்ற, கீறி வைத்த மெழுகுத்தாளுக்குள்ளால் மை கசிந்து, தாள் தாளாக எழுத்து விழும் மெசின். அதை அவர் தத்தெடுத்தார். ஊர் அவருக்குப் பெயர் வைத்தது. சங்கக்கடையில் நிவாரண அரிசிக்குக்கூட "ரோணியர், வாங்கோ" என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மல்லாவிச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு முதிரை மரத்தின் கீழ் சைக்கிள் திருத்தினேன். உண்மையில் என் முழுநேரத் தொழில் கவலைப்படுவது. சைக்கிள் இடையிடையே செய்ததுதான். கிபிர் விமானம் வந்தால் குண்டு விழுமோ என்று கவலை. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கவலை. அப்படிப்பட்டவனுக்குப் பக்கத்துக் கொட்டிலில் வந்து இருந்து, நான் ஆசைப்பட்ட கலியாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவர் ரோணியர். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன். அதற்கு முதல் ஆளைப் பற்றி நாலு வார்த்தை.

அவர் வெளியிட்டது இயற்கைக் கவிதை. ஒரு தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம். முன்பக்கத்தில் நிஜமான இலை ஒன்றில் மை தடவி அழுத்திய அச்சு. உள்ளே குளம், கொக்கு, பாலைப்பழம், உழுத வயலில் நடக்கும் நாரை. பின்பக்கத்தில் "அன்பளிப்பு" என்ற ஒரே சொல். கலியாணம், சாமத்தியவீடு, பிள்ளைப்பேறு எதுவானாலும் அவர் கொண்டுவரும் பரிசு அதுதான். விற்கமாட்டார்.

"வித்தால் அது சாமான், தம்பி. குடுத்தால்தான் வெளியீடு."

பொருளாதாரத் தடையால் சவர்க்காரமும் பற்றறியும்கூட வராத இடத்துக்கு மை எங்கே வரும்? விளக்குப் புகைக்கரியையும் இலுப்பெண்ணெயையும் குழைத்து அவரே மை செய்தார். மெழுகுத்தாளும் சொந்தத் தயாரிப்பு. மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரிக் கட்டைகளை உருக்கி மெல்லிய தாளில் பூசி, மை தீர்ந்த பேனையால் கீறுவார். அவருடைய கவிதையைப் படித்தவருக்கு விரல் கறுக்கும், சட்டை மணக்கும். விளங்கியதோ இல்லையோ, படித்தது ஊருக்கே தெரியும்.

ஒவ்வொரு மடிப்புத் தாளுக்கும் முறையான வெளியீட்டு விழா உண்டு. தலைமையுரை, முதற்பிரதி, ஆய்வுரை, நன்றியுரை எல்லாம் வேண்டும். ஒருநாள் என்னிடம் வந்தார்.

"தம்பி, வாற வெள்ளி விழா. ஆய்வுரை நீங்கள்தான்."

"ஐயோ அண்ணை, நான் ஏழாம் வகுப்பு."

"கவிதை நாலு வரிதானே. ஏழு தாராளமாய்க் காணும்."

வெள்ளி வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. எழும்பி நின்று, "தாள் தடிப்பாய் இருக்கு. மடிப்பு நேராய் இருக்கு. எங்கயும் பங்சர் இல்லை," என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். ரோணியர் கண்ணை மூடித் தலையாட்டினார். நன்றியுரையில் என்னை "சுருக்கமான விமர்சகர்" என்றார். கடைசிவரை எழும்பாமல் இருந்த ஆட்டுக்கும் நன்றி சொன்னார். சபையில் அப்படி இருந்தது அது ஒன்றுதான்.

இடம்பெயர்ந்து வந்தவரைக் கண்டால் மற்றவர்கள் "எந்த ஊர், எதையெல்லாம் விட்டிட்டு வந்தனீங்கள்?" என்று கேட்பார்கள். ரோணியர் கேட்பது வேறு.

"உங்கட வளவில என்ன நிண்டது?"

கேட்டவுடன் ஆட்கள் சொல்லத் தொடங்குவார்கள். பிறகு நிறுத்தமாட்டார்கள். வீட்டைச் சுற்றி நின்ற மரமெல்லாம், கிணற்றடிக் கமுகு, கோடிக்குள் நின்ற முருங்கை, ஆட்டுக்குக் குழை ஒடித்த பூவரசு எல்லாம் வரும். அடுத்த வாரம் அந்த மரம் கவிதையாகி அவர்கள் கைக்கு வந்துவிடும். சிலர் அளந்தார்கள். ஒருவர் தன் முற்றத்தில் மயில் கூட்டம் கூட்டமாக நின்றது என்றார். அவர் இருந்தது நாலு பரப்புக் காணி. மயில் தோகையை விரித்தால் வால் ரோட்டுக்கு வந்துவிடும். ரோணியர் அதையும் அடித்துக் கொடுத்தார்.

"பொய் எண்டு தெரியாதே அண்ணை?" என்று கேட்டேன்.

"தெரியும். எல்லாத்தையும் விட்டிட்டு வந்த மனிசன். கூட ரெண்டு மயில் கேட்டால் குடுக்கக் கூடாதோ?"

முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மேரியக்காவின் மகளுக்கு முதல் நன்மை, கோயிலில் முதன்முதல் நற்கருணை வாங்கும் நாள். மேரியக்காவிடமும் போய்க் கேட்டார்.

"எங்களுக்கு என்ன வளவு? முன்னால கடல், பின்னால களப்பு. மரம் எண்டு நிண்டது பாய்மரந்தான்," என்றா மேரியக்கா.

ரோணியர் கடலை அடித்துக் கொடுத்தார். அவா எழுத்துக் கூட்டிப் படித்துப்போட்டு, "எல்லாம் சரி, மணந்தான் காணாது," என்று சும்மா ஒரு பகிடி விட்டா. பதிப்பாளர் அதைக் குறையாக எடுத்துக்கொண்டார். எல்லாப் பிரதிகளையும் ஒரு பெட்டிக்குள் போட்டு, நடு நடுவே கருவாட்டுத் துண்டு வைத்து ஊறவிட்டார். விழா அன்று பெட்டியைத் திறந்தால் ஒரு பிரதியும் இல்லை. அயலிலிருந்த பூனைகள் பதிப்பு முழுவதையும் பங்குபோட்டு இழுத்துக்கொண்டு போயிருந்தன.

நான் வெறும் பெட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தேன். அவரோ பெருமையாக நின்றார். "ஒரே நாளில முழுப் பதிப்பும் முடிஞ்சுது எண்டால் சும்மாவே தம்பி?"

மேரியக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. முல்லைத்தீவை விட்டு வந்தபிறகு அம்மா சிரித்து அன்றைக்குத்தான் கண்டதாக அவாவின் மகள் சொன்னாள்.

இனி என் கலியாணம்.

முரசுமோட்டையில் எங்கள் வளவும் வசந்தியின் வளவும் அடுத்தடுத்து. நடுவில் வேலி. வேலியோடு ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். ஒருவர் வேலி அடைத்தால் மரம் இந்தப் பக்கம், மற்றவர் அடைத்தால் அந்தப் பக்கம். இதனால் என் அப்பாவுக்கும் வசந்தியின் அப்பா தம்பிராசருக்கும் பேச்சில்லை. அப்பா காலமான பிறகு அந்தக் கோபத்தை அம்மா பொறுப்பெடுத்து நடத்தி வந்தார். நான் வசந்தியைக் கிடுகு வேலியின் இடுக்கால் பார்த்தே வளர்ந்தவன். முழு முகத்தை மல்லாவிக்கு வந்துதான் கண்டேன்.

கூரை போடத் தறப்பாள் கொடுத்த வரிசையில் எங்கள் கொட்டிலும் அவர்கள் கொட்டிலும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தன. நடுவில் வேலி இல்லை. வேலி இல்லாத இடத்தில் எப்படிச் சண்டை பிடிப்பது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, தம்பிராசருக்கும் தெரியவில்லை. வேறு வழியில்லாமல் கதைக்கத் தொடங்கினார்கள். கதை போய்க் கலியாணத்தில் நின்றது. எனக்குச் சந்தோசத்தில் காய்ச்சல் வந்தது. மலேரியாவோ என்று இரத்தம் சோதித்தும் பார்த்தேன்.

பொன்னுருக்கு நாள். தாலிக்குப் பொன்னை உருக்க ஆசாரியார் வந்திருக்கிறார். இரண்டு பக்கத்துச் சனமும் எங்கள் கொட்டில் வாசலில். ரோணியர் எழும்பித் தொண்டையைச் செருமினார். கலியாணப் பரிசை இப்போதே வெளியிடப் போகிறாராம். அவர் விபரம் கேட்க வந்தபோது அம்மா சங்கக்கடைக்குப் போயிருந்தார். தம்பிராசரிடம் மட்டும் கேட்டு எழுதியிருக்கிறார். இது எனக்கு அப்போது தெரியாது. படிக்கத் தொடங்கினார்.

"என் வளவு மாமரமே, வேலிக்கு அப்பாலும் நிழல் எறிந்த வள்ளலே..."

அம்மா எழும்பினார். "நில்லுங்கோ. ஆருடைய வளவு?"

தம்பிராசர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "மரம் நிண்ட வளவு," என்றார்.

"அது நிண்டது எங்கட வளவு."

"வேர் எங்கட பக்கம்."

"அடிமரம் எங்கட பக்கம். வேர் உங்கட பக்கம் களவாய் வந்தது."

"அப்ப காயெல்லாம் ஏன் எங்கட பக்கம் விழுந்தது?"

"கொக்கத்தடி போட்டு இழுத்தால் விழாமல் என்ன செய்யும்?"

கூட்டத்தில் ஒருவர் சமாதானம் பேச நினைத்து, "ஏன் சத்தம்? போய்ப் பாத்தால் தெரியுந்தானே," என்றார். முரசுமோட்டைக்கு அப்போது எங்களில் ஒருவரும் போக முடியாது. அந்த மரத்தடியில் ஆமிக்காரன் நின்றான்.

"அப்பிடிப் பாத்தால் அது இப்ப ரெண்டு பேற்ற பக்கமும் இல்லை," என்றது பின்னால் ஒரு குரல்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தம்பிராசர் துவாயை உதறித் தோளில் போட்டார். "ஒரு மரத்தை ஒத்துக்கொள்ளாத வீட்டுக்கு என்ர பிள்ளை வராது."

"வராட்டி இருக்கட்டும்," என்றார் அம்மா.

ஆசாரியார் ஊதுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பொன் பாதி உருகிய நிலையில் நின்றது.

மறுநாள் காலை நான் காற்றுப் போன ரியூப்பை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். ரோணியர் வந்து முன்னால் குந்தினார். தலைமயிர் குழம்பிக் கிடந்தது.

"தம்பி, ஒரு பதிப்பாளன் பிழை விட்டால் என்ன செய்யவேணும்?"

"ஊரை விட்டு ஓடவேணும்."

"இல்லை. திருத்திய பதிப்பு போடவேணும்."

அவரைக் கும்பிட்டுக் கேட்டேன், இனி ஒன்றும் வெளியிட வேண்டாம் என்று. அவர் கேட்கவில்லை. என் கடைக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டு கொட்டிலுக்கும் நடுவில் போட்டு, எங்கள் பக்கம் திரும்பி இருந்தார்.

"அக்கா, உங்கட பக்கத்தாலை பாத்தால் அந்த மரம் என்ன மாதிரி?"

அடுத்த கொட்டிலுக்குக் கேட்கவேண்டும் என்று அம்மா உரத்துச் சொன்னார். "காலமை நிழல் எங்கட முத்தத்தில விழும். என்ர மூண்டு பிள்ளையளுக்கும் அந்தக் கொப்பிலதான் ஏணை கட்டினனான். மூத்தவன் ஏணைக்குள்ள கிடந்து இலை ஆடுறதைப் பாத்துச் சிரிப்பான்." மூத்தவன் நான். என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

ரோணியர் கதிரையை மற்றப் பக்கம் திருப்பினார். "அண்ணை, நீங்கள் சொல்லுங்கோ."

தம்பிராசர் வெற்றிலையைத் துப்பினார். பிறகு மெல்லச் சொன்னார். "பின்னேர நிழல் எங்களுக்கு. வயலால வந்து அதிலதான் சாய்வன். கமலம் பக்கத்தில இருந்து ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டுவா." கமலம், வசந்தியின் அம்மா. இடப்பெயர்வுக்கு முன்னமே காலமானவா. "அவா கண்ணை மூடின வரிசமும் மரம் காய்ச்சது. நான் ஒரு காயும் ஆயேல்லை. எல்லாம் விழுந்து அழுகினது."

எங்கள் கொட்டிலுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. இப்போது உரத்து இல்லை.

"ஒவ்வொரு வரிசமும் எனக்கும் ஒரு போத்தல் ஊறுகாய் தருவா. பொட்டுக்குள்ளால."

பொட்டு என்றால் வேலியில் ஆள் குனிந்து நுழைகிற ஓட்டை. தம்பிராசர் எழும்பி நின்றார்.

"எங்கட வேலியில எங்கயப்பா பொட்டு?"

"மாமரத்துக்குப் பின்னால. நீங்களும் எங்கட அவரும் வேலி அடைச்சுப்போட்டுப் போவியள். நானும் கமலமும் ரெண்டு கிடுகைத் தளர்த்தி விடுவம்."

"இவ்வளவு வரிசமும்?"

"ஓம். ஆரடைச்சாலும்."

தம்பிராசர் திரும்ப இருந்தார். சிரித்தாரா அழுதாரா என்று சொல்லமாட்டேன். துவாயால் முகத்தை மூடியிருந்தார். கொஞ்ச நேரத்தால் அம்மாவைப் பெயர் சொல்லி, "பூமணி, தேத்தண்ணி கிடக்கே?" என்று கேட்டார். அம்மா பேணியோடு வெளியே வந்தார்.

கலியாணத்தன்று திருத்திய பதிப்பு வந்தது. இடப்பக்கத்தில் காலை நிழலும் ஏணையும். வலப்பக்கத்தில் பின்னேர நிழலும் மாங்காய் வெட்டும் ஒரு பெண்ணும். நடுவில் மடிப்பு. சைக்கிள் சீற்றுத் தோலில் ஓட்டை போட நான் வைத்திருந்த இரும்பை இரவல் வாங்கி, ஒவ்வொரு பிரதியிலும் அந்த மடிப்பில் ஒரு துளை போட்டிருந்தார்.

"ரோணியர், தாள் கிழிஞ்சு கிடக்கு," என்றார் ஒருவர்.

"கிழியேல்லை. பொட்டு," என்றார் ரோணியர்.

வசந்தி தன் பிரதியைக் கண்ணுக்கு நேரே பிடித்து, அந்தத் துளைக்குள்ளால் என்னைப் பார்த்தாள். ஆய்வுரை சொல்லச் சொன்னார்கள். நான் என் பிரதியின் துளைக்குள்ளால் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகும் ஓட்டங்கள் வந்தன. ஒரு விடியப்புறம் பார்த்தால் ரோணியரின் கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. பூவரசங்குளத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார். மடுப் பக்கம் ஒரு மனிதர் சனத்திடம் மரம் விசாரித்துத் திரிவதாக இன்னொருவர் சொன்னார். விசாரித்து ஆள் அனுப்பினேன், பிடிபடவில்லை. நாங்கள் முரசுமோட்டைக்குத் திரும்பிப் போனபோது மரமும் இல்லை, வேலியும் இல்லை. எது எங்கே நின்றது என்று அம்மாவும் மாமா தம்பிராசரும் நெடுநேரம் கைகாட்டிக் கதைத்துக்கொண்டு நின்றார்கள், சண்டை இல்லாமல்.

இப்போது எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், கவலைகளுக்கும் குறைவில்லை. ஆனால் வானம் இருண்டு முதல் துளி விழும்போது, காயப்போட்ட நெல்லை அள்ளவேண்டும் என்று எல்லாரும் ஓட, எனக்கு முதலில் வருவது வேறு கவலை: அந்த மனிசனுடைய தாள் எல்லாம் நனையப்போகிறதே, யாராவது தங்கள் தாழ்வாரத்தில் அவருக்கு ஒரு மூலை விட்டிருப்பார்களா?