வடதுருவத்து மாப்பிள்ளை எந்தப் பக்கம்?

ரூ பிலிப்-து-ஜிரார்,
பாரிஸ்.
ஜூன் 14

மதிப்புக்குரிய தவசீலன் அத்தானுக்கு,

மைத்துனன் குணசேகரம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் மனுசி ரதிதேவியின் முழங்காலையும் என் பிரஷரையும் தவிர மற்றதெல்லாம் சுகம். நோர்வேயின் வடக்குத் தொங்கலில் நீங்களும் அக்காவும் அதைவிடச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். உங்கள் பக்கத்துப் பேச்செல்லாம் கடலுக்கடியில் கேபிளால் போகிறதாம். அதில் யார் யார் காது வைத்திருக்கிறார்களோ தெரியாது. கடிதத்தை ஒருவன் உடைத்தால் கிழிந்த அடையாளமாவது இருக்கும்.

விஷயம், எங்கள் மகள் தயானிக்கு நீங்கள் பேசிய சம்பந்தம். சிவதர்சன் அங்கே உங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை, குடிவெறி இல்லை, பொருத்தமும் எட்டு என்றீர்கள். எல்லாம் சரி, போன ஞாயிறு வீடியோவில் பேசும்போது நானே கேட்டேன். "தம்பி, என்ன வேலை பாக்கிறியள்?" "கப்பலிலை போய்க் கடலடியை அளக்கிறது, அங்கிள்." "ஆருக்காக அளக்கிறியள்?" "அதைச் சொல்லக் கூடாதெண்டு கையெழுத்து வாங்கியிருக்கினம்." அத்தான், வெண்டைக்காய் எங்கிருந்து வருகிறது என்று சொல்லாத வியாபாரியிடம் நான் வெண்டைக்காயே வாங்குவதில்லை. பெண்ணைக் கொடுப்பேனா? அவர் தயானிக்கு அனுப்பிய படங்களையும் ரதிதேவி காட்டினாள். முதல் படத்தில் பின்னால் நோர்வேக் கொடி. இரண்டாவதில் இரண்டு சீனர்களோடு இருந்து சூப் குடிக்கிறார். மூன்றாவதில் ஓர் அமெரிக்கன் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். தமிழனாய்ப் பிறந்தவனுக்கு இதைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் வரும். பொடியன் எந்தப் பக்கம்?

உடனே பேப்பர் வாங்கிப் படித்தேன், படித்த நாள் தொடக்கம் நித்திரை இல்லை. ரஷ்யாக்காரன் எப்போதோ கடலடிக்கே போய்க் கொடி நட்டுவிட்டு வந்துவிட்டான். அமெரிக்கன் கிறீன்லாந்தை வேண்டும் என்கிறான், அங்கே இருக்கிற சனத்தை ஒரு பேச்சுக்கும் கேட்காமல். சீனாக்காரன் எங்கேயோ இருந்துகொண்டு தானும் துருவத்துக்குக் கிட்டின நாடு என்கிறான். பனி உருக உருகக் கப்பல் பாதை திறக்குமாம், எண்ணெய் வருமாம், எல்லாரும் வாயில் எச்சில் ஊற நிற்கிறார்கள். வேலிக் கதியாலை ஒரு முழம் தள்ளி நட்டவனோடு மூன்று தலைமுறை வழக்குப் பேசிய ஆட்கள் நாங்கள். வேலிச் சண்டை நடக்கிற காணிக்குள் அளவு நாடாவோடு போகிறவன் முழுசாகத் திரும்புவானா? எல்லாப் பக்கத்தாரும் அவனைத்தான் முதலில் அடிப்பார்கள்.

ஆகவே முறைப்படி விசாரிக்கத் தொடங்கினேன். சம்பந்தம் என்றால் நாலு இடத்தில் விசாரிப்பதுதானே எங்கள் வழக்கம். வடதுருவத்தின் வரைபடம் ஒன்று வாங்கி, என் கடையில் முருங்கைக்காய்ப் பெட்டிக்கு மேலே கொழுவினேன். நோர்வேயில் சொந்தக்காரர் உள்ள யார் மரக்கறி வாங்க வந்தாலும், எந்தத் துறைமுகத்துக்கு எந்த நாட்டுக் கப்பல் வருகிறது, கேபிள் எங்கே கரையேறுகிறது என்று கேட்டுச் சிவப்பு ஊசி குத்தினேன். பக்கத்துச் சலூன்கார மடுத்தீன் ஊசிகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, ஆரோடை சண்டைக்குப் போறியள்?" என்றான். காரணத்தை நான் வெளியே விடவில்லை. முற்றாகாத கலியாணப் பேச்சைச் சலூனில் அவிழ்க்க நான் என்ன விசரனா?

தயானியிடம் சொன்னால், "அப்பா, நம்போர்த் குவா!" என்கிறாள். விசர்க்கதை என்பதைப் பிரெஞ்சில் அப்படித்தான் சொல்வார்கள். அத்தான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? சென் தெனியில் வேலை முடிந்து அவள் வரும் மெத்ரோ ரயில் அரைமணி பிந்தினாலே கடை வாசலுக்கு வந்து நிற்கிறவன் நான். இரண்டு மாதம் சூரியனே எழும்பாத ஊரில், புருஷனைக் கடலுக்கு அனுப்பிவிட்டு அவள் தனியே இருப்பாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தச் சம்பந்தத்தைப் பக்குவமாக நிறுத்திவிடுங்கள். சாதகத்தில் ஏதோ தோஷம் பிந்தித்தான் தெரிந்தது என்று சொல்லுங்கள்.

இந்தத் தெருப் பிள்ளையார் உங்கள் இருவரையும் பனியில் வழுக்கி விழாமல் பார்த்துக்கொள்வாராக. அக்காவுக்கு எங்கள் எல்லாருடைய அன்பும்.

இப்படிக்கு,
குணசேகரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுகிற நேரம் மடுத்தீன் வந்தான். மாப்பிள்ளையின் தகப்பனும் எங்களைப் பற்றி விசாரித்திருக்கிறார், அதுவும் பக்கத்துக் கடைக்காரன் என்று இவனுக்கே போன் எடுத்து. "நல்ல மனுசன் எண்டுதான் சொன்னனான், அண்ணை. ஆனா கப்பல், கேபிள் எண்டு வாற சனத்திட்டை எல்லாம் கேட்டுக் கேட்டு ஊசி குத்துறார், ஆருக்கு வேலை செய்யிறாரோ தெரியேல்லை எண்டும் சொல்லிப்போட்டன்." மகனின் வேலை போய்விடும், இந்த இடம் வேண்டாம் என்று அவர் பயந்து போனை வைத்துவிட்டாராம். எங்களை வேண்டாம் என்று சொல்ல அவர்கள் யார், அத்தான்? தயானியோ, போன மாதமே எங்களுக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்த பனிக்கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு, இந்த ஜூன் வெயிலில், குசினிக் கதிரையில் இருக்கிறாள். கழற்றச் சொன்னாலும் கழற்றுகிறாள் இல்லை. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிட்டு, இன்றைக்கே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தத்தைப் பேசி முற்றாக்குங்கள். அவசரம் என்பதால் இதைப் படமெடுத்து வாட்சப்பிலேயே அனுப்புகிறேன். கேபிளில் காது வைத்திருக்கிறவர்கள் யாராக இருந்தாலும் வாசிக்கட்டும். நான் மரக்கறிக்கடைக்காரன், ஒரு பெண்ணைப் பெற்றவன், எனக்கு வேறு பக்கம் கிடையாது என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அவர்களாவது சாட்சி சொல்லட்டும்.