கெடவே கெடாத கேக்

கேக் விஷயத்தில் மனிதர்கள் இரண்டே வகைதான். கிடைத்தவுடன் தின்று தீர்ப்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எழுத எதுவுமில்லை. வாயில் கேக் இருப்பதால் பேசக்கூட மாட்டார்கள். இன்னொரு வகை, எடுத்து வைப்பவர்கள். இவர்களுக்குக் கெடாதார் என்று நான் பெயர் சூட்டியிருக்கிறேன். எதை நீட்டினாலும் "இருக்கட்டும், கெடாது" என்று வாங்கி உள்ளே வைத்துவிடுவார்கள். உங்களுக்கும் ஒரு கெடாதாரைத் தெரிந்திருக்கும். தெரியாது என்கிறீர்களா? சரி, அதைக் கடைசியில் பேசிக்கொள்வோம்.

கெடாதாரை அடையாளம் காண அவர் முகத்தைப் பார்த்துப் பயனில்லை, ஃப்ரிட்ஜைத் திறக்க வேண்டும். முன்வரிசையில் பால், முட்டை, தக்காளி எல்லாம் சாதாரண மனிதர்களுக்காக நிற்கும். அதற்குப் பின்னால், ஐஸ்கிரீம் தவிர மற்ற எல்லாமும் இருக்கிற ஐஸ்கிரீம் டப்பாக்கள், விமானத்தில் கொடுத்த ஜாம் பொட்டலம் ஏழு, யார் கல்யாணத்திலோ வந்து வெளுத்துப்போன சாக்லேட், மூடி இறுகி இனி யாராலும் திறக்க முடியாத ஒரு பாட்டில் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். தூக்கிப் போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். உங்களையே தூக்கிப் போட்டுவிடுவார்.

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், இந்த இனத்தின் தலைவர். வேடிக்கை என்னவென்றால் அவருக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர் வேலை. காலாவதித் தேதி பார்ப்பதுதான் அவர் பிழைப்பே. நேற்றோடு தேதி முடிந்த இருமல் மருந்தை இன்று கேட்டு நர்ஸ் அம்மா எவ்வளவு கெஞ்சினாலும் கொடுக்க மாட்டார். பாட்டிலைக் கழிவுக்கான சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, "தேதின்னா தேதிம்மா" என்பார். அதே மனிதர் மாலையில் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது தேதியையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிடுவார்.

அக்கா மகள் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளச் சேர்ந்த அன்று அத்தான் சமையலறைக்குள் நுழைந்தார். கத்தரித்த உலர்பழங்களைப் பிராந்தியில் ஊறப்போட்டு, முட்டை அடித்து, மாவு சலித்து, வீட்டையே ரெண்டாக்கி இரண்டு கிலோவில் ஒரு பழக்கேக் சுட்டார். நாங்கள் தட்டோடு நின்றோம். அவர் வெண்ணெய்த்தாளில் சுற்றினார், அதன்மேல் அலுமினியத் தாள், அதன்மேல் துணி, பிறகு தகர டப்பா. அச்சில் ஒட்டியிருந்த துணுக்குகளைக்கூடச் சுரண்டித் தனி டப்பியில் போட்டார். மகள் லைசென்ஸ் வாங்கும் நாளில்தான் வெட்டுவது என்று அறிவித்துவிட்டு, டப்பா மேல் தேதி எழுதி ஒட்டினார். சுட்டவர் வாயில் ஒரு துணுக்குகூடப் படவில்லை.

வீட்டில் செய்த பழக்கேக் எத்தனை நாள் தாங்கும்? நான் முனைக்கடை பேக்கரிக்காரரையே கேட்டேன். சும்மா வெளியே வைத்தால் சில நாள், காற்றுப் புகாமல் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம், பிராந்தி ஊட்டி வளர்த்தால் மூன்று மாதம் என்றார். அதற்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு வேண்டியது கேக் இல்லை, டப்பா என்றார். இதை அத்தானிடம் சொன்னேன். "அது அவர் கேக்குப்பா. இது என் கேக்" என்று முடித்துவிட்டார்.

முதல் டெஸ்டில் அக்கா மகள் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தைச் சாய்த்தாள். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நேரே போய் டப்பாவை இறக்கினாள். நான் குடையைத் திருப்பிக் கொடுக்க வந்தவன். நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறேன். மூன்று பேர், மூன்று ஸ்பூன், தட்டுகூடக் கிடையாது. பெண் அழுதுகொண்டே தின்றாள், பிறகு தின்றுகொண்டே சிரித்தாள். மூன்று மத்தியானத்தில், அத்தான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், இரண்டு கிலோவும் காலி.

அத்தான் மாதாமாதம் டப்பாவை எடை போடுவார், கிடங்குக்காரர் அல்லவா? அதனால் அக்கா பக்கத்து மனையில் வீடு கட்டுபவர்களிடம் ஒரு உடைந்த செங்கல் வாங்கி, பழைய துண்டில் சுற்றி, தராசில் வைத்து, எடை சரியாக வரும்வரை கைக்குட்டைகளைச் செருகினாள். மேலே அதே வெண்ணெய்த்தாள், அதே அலுமினியத் தாள், அதே துணி.

அதற்குப் பிறகு பதினேழு மாதம், ஞாயிறு தவறாமல், அத்தான் ஊசி மருந்து போடும் சிரிஞ்சில் பிராந்தி ஏற்றி, தாளோடு சேர்த்துக் குத்தி, செங்கல்லுக்கு ஊட்டினார். ஒரு சொட்டு சிந்த விடமாட்டார். எடை கூடக் கூட முகம் மலரும். "பாத்தியா, என்னமா குடிக்குது" என்பார். நாங்கள் மூவரும் ஆளுக்கொரு திசையில் சிரிப்பை அடக்க ஓடுவோம்.

ஆனால் சிரிப்பு மெல்ல மெல்லக் கலவரமானது. பெண் நன்றாக ஓட்டப் பழகிவிட்டாள். என்னையே சந்தை வரை அழைத்துப் போய் அலுங்காமல் கொண்டுவந்து விட்டாள். டெஸ்டில் மட்டும் இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, நாலாவது தடவை, அதே கம்பம். ஒரு நாள் என்னிடம் வாய்விட்டுச் சொன்னாள்: "ரிவர்ஸ் எடுத்தாலே கண்ணாடில அந்த டப்பாதான் தெரியுது மாமா. நான் பாஸானா அப்பா அதைத் திறந்துடுவாரே." பெண்ணின் லைசென்ஸையே அந்தச் செங்கல் தடுத்துக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு தோல்விக்கும் அத்தான் முகம் சுளித்ததே இல்லை. டப்பாவை ஒரு தட்டுத் தட்டி, "அவசரமே இல்லம்மா. இது கெடாது" என்பார். ஐந்தாவது தடவை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது: மனிதர் கேக்கைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவளுக்கும் உறைத்திருக்க வேண்டும். ஆறாவது டெஸ்டில் கம்பம் நின்றது. பெண் பாஸ்.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் டப்பா. அத்தான் வேலை பார்க்கும் கிடங்கிலிருந்து இருவர், எதிர்வீட்டுத் தம்பதி, கையில் லைசென்ஸோடு பெண், முந்தானையைக் கசக்கியபடி அக்கா, வாசலுக்கு மிக அருகில் நான். அத்தான் துணியை விலக்கினார், அலுமினியத் தாளை உரித்தார், வெண்ணெய்த்தாளைப் பிரித்தார். பிராந்தி வாடை எதிர்வீட்டுக்காரரை ஓரடி பின்னுக்குத் தள்ளியது. ஊறிக் கறுத்துக் கேக் போலவே தெரிந்த துண்டின் மேல் கத்தியை வைத்து அழுத்தினார். 'டங்' என்றது.

துண்டை விலக்கினார். செங்கல்லைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கதவிடுக்கில் இருந்த என்னையும் பார்த்தார். பெண்தான் பேசினாள்.

"முதல் தடவை ஃபெயிலானப்பவே தின்னுட்டோம்ப்பா. அன்னிக்கு எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அத்தான் செங்கல்லை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுப்பா. அவ்வளவு நல்ல கேக் நான் தின்னதே இல்ல."

"கெட்டுப்போகலையே?"

"இல்லப்பா."

அத்தான் கத்தியைக் கீழே வைத்தார். சபையைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தினார். "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றார்.

சொல்லிவிட்டு உள்ளே போய், பதினெட்டு மாதமாகக் காத்திருந்த அந்தத் துணுக்கு டப்பியைக் கொண்டுவந்தார். திறந்ததும் அவரே மூடிவிட்டார். அதை மட்டும், ஆஸ்பத்திரியில் செய்வதுபோல, குப்பைக்கு அனுப்பினார். செங்கல்லைப் போட மனம் வரவில்லை. அவ்வளவு பிராந்தி குடித்ததாயிற்றே, எதற்காவது உதவும் என்று திரும்பச் சுற்றிவைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு புதுக் கேக் சுட்டார். பெண் சொந்தக் கார் வாங்கும் நாளில் வெட்டுவதாம். அக்கா இப்போதே பக்கத்து மனைப் பக்கம் நடைப்பயிற்சி போகிறாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு மேல்தட்டிலும், நல்ல நாள் வரட்டும் என்று நீங்கள் எடுத்து வைத்த ஒன்று இருக்கிறது அல்லவா? எழுந்து போய் அதை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். எடை சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.