மெத்தை பாய் போட்ட மார்க்

உலகத்தில் இதுவரை தோற்றுப்போன குத்துச்சண்டை வீரர்கள் அத்தனை பேருக்கும் சொந்தக்காரர் என்று ஒரே ஒருவர்தான் உண்டு. அவர் கள்ளக்குறிச்சியில் மெத்தை தைத்துக்கொண்டிருக்கிறார். மெக்சிகோவில் எவனோ ஒருவனுக்கு மூக்கு உடைந்தால் இங்கே இவர் காலை டீயை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

மெத்தை பாய் என்றால்தான் தெருவுக்குத் தெரியும். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும். நான் அப்போது ஒரு விதைக் கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தேன். பாய் கடைக்கு மேலேதான் என் அறை. கச்சிராயபாளையம் பக்கம் மக்காச்சோள விதை விற்கப் போனால், என் சட்டை முழுக்க இலவம்பஞ்சு ஒட்டியிருக்கும். விவசாயிகள் என்னைப் பருத்தி விதைக்காரன் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள்.

பாய் சின்ன வயதில் பெங்களூரில் மாமா கடையில் மெத்தை தைக்கப் போனவர். கடைக்குப் பின்னால் ஒரு குத்துச்சண்டைக் கூடம். அங்கே பழகி, டிக்கெட் போட்டு நடத்துகிற பந்தயங்களில் தொழில்முறை வீரராகவே ரிங்கில் ஏறியிருக்கிறார். இதை அவர்தான் சொன்னார். சொன்னதை நம்ப ஆள் கிடைக்கவில்லை. பாய்க்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஏக்கம் இதுதான்: தான் ரிங்கில் நின்றதை இந்தத் தெருவில் யாராவது ஒருவர் நம்ப வேண்டும்.

முதல் எதிரி அவருடைய மூக்கு. நாமம் போட்டது மாதிரி நேராக இருக்கும். எதிர்க்கடை டீ மாஸ்டர் சேகர் அதையே பிடித்துக்கொண்டான். "பாக்ஸருன்னா மூக்கு சப்பையா இருக்கணும் பாய். உங்க மூக்கு மாப்ள மூக்கு." அடி வாங்காமல் இருப்பதுதான் பாக்ஸிங்கே என்று பாய் பொறுமையாக விளக்கினார். அப்போ நான்கூட பாக்ஸர்தான், இதுவரைக்கும் அடியே வாங்கினதில்லை என்றான் சேகர்.

ஒருநாள் ஆதாரத்தோடு வந்தார். பெட்டியிலிருந்து எடுத்த பழைய கையுறைகள். சேகர் அதை அமுக்கிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், தையலைப் பார்த்தான். பிறகு, தலைகாணி தைக்கிற மனுஷனுக்கு இதைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டான். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பாய் கையுறையை லுங்கியில் சுருட்டிக்கொண்டு போனார்.

அமெரிக்காவில் சனிக்கிழமை ராத்திரி நடக்கிற சண்டை நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். பாய் செல்போனைப் பஞ்சு மூட்டைமேல் சாய்த்து வைத்துப் பார்ப்பார். என்னையும் உட்கார வைப்பார். முதலில் பெயர் தெரியாதவர்கள் மோதுவார்கள். கானாவிலிருந்து வந்த கொத்தனார், பிலிப்பைன்ஸ் மீன்காரர், இப்படி ஒவ்வொருவரின் குடும்பக் கதையும் பாய்க்கு அத்துப்படி. "கால பாரு தம்பி, கால பாரு. இந்தக் காலுக்கு ஒரு சாம்பியன் பெல்ட்டு குடுத்திருக்க வேணாமா?" என்று தொடையில் தட்டிக்கொள்வார். கடைசியில் விளக்கெல்லாம் அணைத்து, பாட்டுப் போட்டு, பெரிய நட்சத்திரம் வருவான். அப்போது பாய் போனை அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கறி வாங்கக் கிளம்பிவிடுவார்.

முதல் முறை எனக்கு உயிரே போய்விட்டது. என்ன பாய் இது, இதற்காகத்தானே இவ்வளவு நேரம் உட்கார்ந்தோம் என்றேன்.

"அவனப் பாக்க ஒலகமே ஒக்காந்துகினு இருக்குது. இவனுங்கள பாக்கத்தான் ஆளில்ல."

இதாவது தேவலாம். மார்க் போடுகிற பழக்கம்தான் தெருவையே ஆட்டிவைத்தது. குத்துச்சண்டையில் ஒரு ரவுண்டில் ஜெயித்தவனுக்குப் பத்து மார்க், தோற்றவனுக்கு ஒன்பது. கீழே விழுந்தால் எட்டு. பூஜ்யம் என்ற பேச்சே கிடையாது. பாய் இந்தக் கணக்கை ரிங்கோடு விட்டுவிட்டு வரவில்லை. எங்கள் தெருமுனையில் தனியார் டவுன்பஸ் கண்டக்டர்கள், என் நேரத்தில் நீ எப்படி ஆள் ஏற்றலாம் என்று தினமும் கட்டிப் புரளாத குறையாகச் சண்டை போடுவார்கள். பாய் வாயில் ஊசியைக் கடித்தபடி கடைக்குள்ளிருந்தே தீர்ப்பு சொல்வார். முதல் ரவுண்டு சங்கராபுரம் வண்டிக்கு, பத்துக்கு ஒன்பது. எவனாவது எதிராளியின் அக்கா தங்கையை இழுத்துத் திட்டினால், அது பெல்ட்டுக்குக் கீழே அடித்த கணக்கு, ஒரு மார்க் கழிவு. நாளடைவில் கண்டக்டர்கள் இருவரும் அக்கா தங்கையை விட்டுவிட்டு, மரியாதையாகச் சண்டை போடப் பழகிவிட்டார்கள். தோற்றவரும் ஒன்பது வாங்கிய திருப்தியோடு விசில் ஊதிக்கொண்டு கிளம்புவார்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவியோடு வாக்குவாதம் வந்தால் தனக்கும் சேர்த்து அவரே மார்க் போடுவார். இத்தனை வருஷத்தில் தான் ஒரு ரவுண்டுகூட ஜெயித்ததில்லை என்று ஒப்புக்கொண்டார்.

ஒரு சீசனில் என் விதை சரியாக விற்கவில்லை. மேனேஜர் போனில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினார். நான் கடை வாசலில் நின்று பத்துத் தடவை 'சாரி சார்' சொன்னதைப் பாய் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், "ஒம்போது வாங்கிட்ட தம்பி. போய் சாப்புடு" என்றார். நான் போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்கு வேறு யார் என்ன சொல்லியிருந்தாலும் எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

அடுத்த மழைக்காலத்தில் அது நடந்தது. கல்வராயன் மலை அருவியில் குளிக்கப் போகிற ஒரு பெங்களூர் குடும்பம் சேகர் கடை முன்னால் வேனை நிறுத்தியது. அதிலிருந்து மலை மாதிரி ஒருவர் இறங்கினார். மூக்கு, சேகர் இலக்கணப்படி, சுத்தமாகச் சப்பை. எதிரே பாய் ஒரு வாடிக்கையாளருக்குத் தலையணையைச் சோதித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அவர் சோதிப்பதே தனி விதம். இடது கையால் சுருக்கென்று ஒரு குத்து விடுவார். குத்திய கை அதே வேகத்தில் கன்னத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்.

பெங்களூர்க்காரர் டீ கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்தார். பாய் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி இரண்டு பேரும் முஷ்டியை உயர்த்தி, தோளைக் குறுக்கி, ஒருவரை ஒருவர் சுற்ற ஆரம்பித்தார்கள். பாயை எவனோ அடிக்க வந்துவிட்டான் என்று சேகர் டீ வடிகட்டியோடு பாய்ந்து நடுவில் புகுந்தான். எங்கள் ஊர் ஆள்மேல் கை வைக்காதே என்று கத்தினான். அவன் தலைக்கு மேலேயே அந்த இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சேகர் நடுவில் நசுங்கினான்.

வந்தவர் பாயோடு கடைசியாக மோதியவர். ஆறு ரவுண்டு, பாயின்ட்டில் ஜெயித்தது அவர். "இந்தக் கைய எங்க பாத்தாலும் தெரியும் எனக்கு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "ஆறு ரவுண்டும் காத்தத்தான் குத்தினேன். இவருதாங்க அன்னைக்கு ஜெயிச்சது. தப்பா எனக்குக் குடுத்துட்டாங்க."

பாயின் இத்தனை வருஷ ஏக்கம் பலித்துவிட்டது. அதுவும் வட்டியோடு. சேகருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பாய் தலையாட்டினால் போதும், அன்றைக்கு ஊர்வலமே விட்டிருப்போம்.

பாய் தலையாட்டவில்லை. விரலை மடக்கி ரவுண்டு ரவுண்டாக எண்ணினார். "தப்பில்லப்பா. ரெண்டு என்னுது, நாலு உன்னுது. நீ குத்தினது எம்மேல விழல, வாஸ்தவம். ஆனா நான் எங்க குத்தினேன்? ஓடிகினே இல்ல இருந்தேன்."

சேகருக்குத் தாங்கவில்லை. "இன்னா பாய் நீங்க. அவரே குடுக்கறாரு, வாங்கிக்கினா இன்னா?"

"ரிங்குல ஏறினேன்னு சொன்னேன், இப்ப நம்புறல்ல? அது போதும். தோத்த ரவுண்டுக்கு ஒம்போது வாங்கியிருக்கேன் சேகரு. அது என்னுது. அவனோட பத்து எனக்கு எதுக்கு?"

பெங்களூர்க்காரர் போகும்போது ஒரு ஜோடித் தலையணை வாங்கிக்கொண்டு போனார். சேகர் அன்று சாயந்திரமே அந்தப் பழைய கையுறைகளைக் கேட்டு வாங்கி, கல்லாவுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினான். டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம், இந்த மனுஷன் மூக்கில் ஒருத்தனும் கை வைத்ததில்லை தெரியுமா என்று அவனே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

நான் இப்போது சென்னையில் இருக்கிறேன். படுப்பது பாய் தைத்த மெத்தையில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெயர் தெரியாதவர்கள் மோதுவதைப் பார்த்துவிட்டு, நட்சத்திரம் வரும்போது அணைத்துவிட்டுக் கறி வாங்கப் போகிறேன். பிறகு பாய்க்குப் போன் செய்து அன்றைக்குத் தோற்றவனைப் பற்றி இருவரும் வருத்தப்படுவோம். மனதுக்குள் நான் பாய்க்கு எல்லா ரவுண்டுக்கும் பத்துதான் போட்டிருக்கிறேன். அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் திருத்தி ஒன்பதாக்கிவிடுவார்.