நாற்றத்தை நாடு கடத்திய பட்டினம்

ஏழு கடலுக்கு இப்பால், வரைபடத்தில் யாரோ மூட்டைப்பூச்சியை நசுக்கிவிட்டதுபோல ஒரு சிவப்புப் புள்ளியாக, மணிக்கூண்டுப்பட்டினம் என்றோர் ஊர் இருந்தது. அதை ஆண்டவர்கள் தொலைக்கரைத் துரைமார்கள். அவர்கள் வந்தது மிளகு வாங்க. வாங்கிக்கொண்டு கிளம்பும்போது, இந்த ஊர் ஜனங்களுக்குத் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ளத் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தார்கள். மனசு கேட்கவில்லை. இருநூறு வருஷம் தங்கிவிட்டார்கள்.

மேட்டில் துரைமாளிகை. அதில் நாற்பது குதிரை, பதினோரு சமையற்கட்டு, கணக்கில்லாத வேலையாட்கள். இத்தனை பேரும் இத்தனை குதிரையும் தின்று கழித்ததெல்லாம் மாளிகையின் பின்பக்கம் ஒரு கால்வாயில் இறங்கி, மெல்ல நடை போட்டு, பள்ளத்தில் இருந்த கால்வாய்த் தெருவுக்கு வந்ததும் களைத்துப்போய் நின்றுவிடும். அதற்கு மேல் போக அதற்குத் தெம்பு கிடையாது.

அந்தத் தெருவில்தான் கோதண்டம் இருந்தான். சர்வே ஆபீசில் சங்கிலிக்காரன். இரும்புச் சங்கிலியை இழுத்து நிலத்தை அளப்பதும், அதிகாரி கை காட்டிய இடத்தில் எல்லைக்கல்லை நடுவதும் அவன் வேலை. ஏன் என்று கேட்பது அவன் வேலையில் சேர்த்தி இல்லை. அவன் மனைவி பவுனாம்பாள் வாசலில் இட்லி சுட்டு விற்பாள். போன மழையில் கால்வாய் வீட்டுக்குள் வந்தது. மூன்று வயதுப் பையனுக்குப் பேதி கண்டது. காலையில் ஆரம்பித்தது, மறுநாள் மத்தியானம் பிள்ளை இல்லை. மிச்சம் இருந்தவள் ஆறு வயது மரகதம். வானம் கொஞ்சம் கறுத்தாலும் பவுனாம்பாள் ஓடிப்போய் மகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள். அடுத்த மழைக்குள் கால்வாயைத் தூர்வாரிவிட வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் வேறு எதையும் சாமியிடம்கூடக் கேட்கவில்லை.

கோதண்டம் தெருவார் சார்பில் ஒரு மனு எழுதிக் கொடுத்தான். அதே சமயத்தில் சுகாதாரக் கமிஷனர் பிளம்லி துரையும் குதிரைமேல் காற்று வாங்கப் போய், காற்றுக்குப் பதிலாக வேறு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினார். மூன்றே நாளில் பொது நியூசென்ஸ் ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. தெருவே கை தட்டியது.

சட்டத்தில் நாற்பத்து மூன்று நியூசென்ஸ்கள் பட்டியல் போடப்பட்டிருந்தன. கருவாடு வறுப்பது, வறட்டி தட்டுவது, பறை அடிப்பது, ஒப்பாரி வைப்பது, அதிகாலையில் இட்லிப் புகை போடுவது எல்லாம் இருந்தன. கால்வாய் மட்டும் இல்லை.

கோதண்டம் மனுவை எடுத்துக்கொண்டு ராவ்பகதூர் பாலகுருநாதரைப் பார்க்கப் போனான். அவர் நகரசபைக் காரியதரிசி. துரைக்குத் தும்மல் வந்தால் இவர் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

"எஜமான், கால்வாயை உட்டுட்டாங்களே" என்றான் கோதண்டம்.

"கால்வாய் யாருடையது?"

"சர்க்காருதுங்க."

"சர்க்கார் நியூசென்ஸாக இருக்க முடியுமோ?"

கோதண்டம் யோசித்தான். முடியும் என்றுதான் தோன்றியது. ஆனால் அப்படிச் சொன்னால் வேலை போய்விடும் என்றும் தோன்றியது.

"முடியாதுங்க."

"புத்திசாலி" என்று ராவ்பகதூர் மனுவை மடித்து மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்தார். மேஜை ஆடாமல் நின்றது. அந்த மனுவால் உண்டான ஒரே பலன் அதுதான்.

சரி, சர்க்கார் வாராவிட்டால் நாமே வாருவோம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவார் மண்வெட்டியோடு இறங்கினார்கள். சர்க்கார் சொத்தில் அனுமதியின்றிக் கை வைத்ததற்காக ஆறு பேரை லாக்கப்பில் வைத்தார்கள். அள்ளிய சேறும் சர்க்கார் சொத்து என்பதால், இரண்டு சேவகர்கள் நின்று அதைத் திரும்பக் கால்வாயிலேயே போட வைத்தார்கள். ஒரு கூடைகூடக் குறையவில்லை.

அப்புறமும் புகார்கள் வந்தன. நாற்றம் இருப்பதாகச் சொல்கிறவர் அதை ஆபீசில் நேரில் காட்ட வேண்டும் என்று இரண்டாவது உத்தரவு வந்தது. ஜனங்கள் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவர்கள். பானை பானையாகக் கொண்டுவந்து வராந்தாவில் வரிசை வைத்தார்கள். ராவ்பகதூர் அன்று மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. மறுநாள் மூன்றாவது உத்தரவு: நாற்றம் தெரிகிறவர்களுக்கு மூக்கில் கோளாறு இருக்கலாம், ஆகவே புகார் செய்பவர் பத்து நாள் சர்க்கார் வைத்தியரின் கண்காணிப்பில் அடைத்து வைக்கப்படுவார். அதோடு புகார்கள் நின்றன. பட்டினத்தின் சுகாதாரம் வெகுவாக முன்னேறியிருப்பதாகப் பிளம்லி துரை தொலைக்கரைக்கு அறிக்கை அனுப்பினார்.

அந்த அறிக்கையே வினையாக முடிந்தது. தொலைக்கரை மகாராணியார் மகிழ்ந்துபோய், தம் ராஜ்ஜியத்திலேயே சாவு குறைந்த பட்டினத்துக்கு ஒரு தங்கக் கேடயம் தருவதாக அறிவித்துவிட்டார். துரை சாவுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். போன வருஷம் பேதியில் செத்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் நூற்றுத் தொண்ணூறு பேர் கால்வாய்த் தெரு.

"ஒரே தெருவில் இத்தனை பேர் சாவதற்கு என்ன அவசியம்?" என்று துரை வருத்தப்பட்டார். "இந்தத் தெரு நம் நகரத்தின் மேல் வைத்திருக்கும் விரோதம் எனக்குப் புரியவில்லை."

ராவ்பகதூர் தொண்டையைக் கனைத்தார். "துரை அவர்கள் திருவுளம் வைத்தால், தெருவைத் தொட வேண்டியதில்லை. கல்லைத் தொட்டால் போதும்."

"எந்தக் கல்லை?"

"எல்லைக்கல்லை. அது இப்போது தெருவுக்குத் தெற்கே இருக்கிறது. அதைப் பிடுங்கி வடக்கே நட்டுவிட்டால், இனி அங்கே சாகிறவன் நம் பட்டினத்தில் சாகமாட்டான்."

துரை அவரைத் தழுவிக்கொள்ளாததுதான் குறை.

கல்லை நட வந்தவன் கோதண்டம். வேறு யார் வருவார்கள்? அவன்தானே சங்கிலிக்காரன். கை காட்டிய இடம் மாளிகைச் சுவருக்கும் அவன் தெருவுக்கும் நடுவே, கால்வாய்க் கரையில் இருந்தது. தன் வீட்டைத் தானே ஊருக்கு வெளியே தள்ளுகிறோம் என்பது தெரிந்தேதான் குழி தோண்டினான். வயிற்றுப்பாடு. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, பாராட்டவும் வரவில்லை.

பவுனாம்பாளுக்கு வாய் வந்தது.

"ஏன்யா, பெத்த பொண்ணை வெளிய தள்ளிட்டு நீ மட்டும் உள்ள போயி உக்காந்துக்குவியா?"

"சொன்னாங்க, நட்டேன். நான் இன்னா பண்றது பவுனு?"

"நாளைக்கு என்னைய பொதைக்கச் சொன்னா, அளந்து குழி வெட்டுவ போலிருக்கே!"

அன்று மாலையே தெருக்குழாய்க்குத் தண்ணீர் நின்றது. ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்குக் குழாய் எதற்கு? வரி வாங்குகிற சேவகன் மட்டும் பழைய பாசத்தில் வந்து போய்க்கொண்டிருந்தான்.

கல்லின் ருசி கண்ட நகரசபை அத்தோடு நிற்கவில்லை. மீன் சந்தை நாறியது, வெளியே போயிற்று. படகுக்காரர்கள் இருந்த கிழக்குக் குப்பத்தில் காய்ச்சல், அதுவும் போயிற்று. பதிவேட்டை ஆழ்ந்து ஆராய்ந்ததில், பட்டினத்திலேயே அதிகம் பேர் செத்துப்போகும் கட்டடம் ஆஸ்பத்திரி என்று தெரியவந்தது. இவ்வளவு ஆபத்தான ஓர் இடத்தை இத்தனை வருஷம் ஊருக்குள் வைத்திருந்ததற்காகத் துரை தம்மையே நொந்துகொண்டார். ஆஸ்பத்திரிக்கு இப்பாலும் ஒரு கல் நடப்பட்டது. எல்லாவற்றையும் கோதண்டம்தான் நட்டான்.

வைகாசி போய் ஆனி போய், மேற்கே மின்ன ஆரம்பித்தது. மரகதத்துக்கு ஒருநாள் வயிறு வலித்தது. மாங்காய் தின்ற வலிதான். ஆனால் அந்த ஒரு மத்தியானம் பவுனாம்பாளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மகள் எழுந்து விளையாட ஓடியதும் அவள் நேரே கால்வாய்க் கரைக்கு வந்து, எல்லைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோதண்டம் பின்னாலேயே வந்தான்.

"யோவ், கல்லுக்கு அந்தப் பக்கம் யாருது?"

"சர்க்காருது."

"இந்தப் பக்கம்?"

கோதண்டம் கல்லை ஒருமுறை சுற்றிவந்தான். அவன்தான் அளந்தான், அவன்தான் நட்டான், இந்தக் கேள்வி அவனுக்குத் தோன்றவே இல்லை.

"யாருதும் இல்ல" என்றான்.

"அப்ப இங்க மண்ணைக் கொட்டினா எவன் கேப்பான்?"

அடுத்த மூன்று நாளில், கல்லை ஒட்டி இந்தப் பக்கமாக, கால்வாயின் குறுக்கே ஆள் உயரத்துக்கு ஒரு மண் அணை எழும்பியது. எழுபது பேர் வேலை செய்தார்கள். அணைக்கு இப்பால் கிடந்த பழைய சேற்றை வாரி வெயிலில் போட்டார்கள். வேலை முடிந்ததும் பெண்கள் தங்கள் பங்குக்கு எல்லைக்கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, கூழ் ஊற்றிவிட்டார்கள். நம் ஜனங்களின் பழக்கம் அது. நட்டு நிற்கிற கல் எதுவானாலும், மூன்று நாள் அசையாமல் நின்றால் அது சாமி.

மழை பெய்தது. மாளிகையின் சொத்து அணையில் முட்டி, மரியாதையாகத் திரும்பி, வந்த வழியே மாளிகைக்குப் போயிற்று. முதலில் குதிரை லாயம், பிறகு பதினோரு சமையற்கட்டு, கடைசியில் பிளம்லி துரை பியானோ வாசிக்கும் கூடம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? துரைக்கு இரண்டும் சேர்ந்து வந்தன.

நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிவர, துரை எல்லைக்கு வந்தார். பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ராவ்பகதூர்.

"கோதண்டம்! அந்தக் கல்லைப் பிடுங்கு. இந்தத் தெரு மறுபடியும் பட்டினத்தோடு சேர்க்கப்படுகிறது. அணை சட்டவிரோதம்!" என்று துரை கத்தினார்.

கோதண்டம் கடப்பாரையைத் தொடவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, கை காட்டிய இடத்துக்கு அவன் போகவில்லை. "அது எல்லையம்மன் எஜமான். கூழு ஊத்தியாச்சி. நான் தொட்டா என் கொலம் வெளங்காது" என்றான்.

துரை திடுக்கிட்டார். ஜனங்களின் தெய்வத்தில் தலையிடமாட்டோம் என்று மகாராணியாரே பிரகடனம் செய்து, அதைச் செம்புத் தகட்டில் வெட்டி மணிக்கூண்டில் பதித்திருந்தார். அவர் கல்லைப் பார்த்தார். கல் மஞ்சள் முகத்தோடு அவரைப் பார்த்தது. துரை தொப்பியைக் கழற்றினார்.

தலைக்குமேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. மறுநாளே மாளிகைக்குப் பின்னால் அவசரமாக ஒரு புதிய வாய்க்கால் வெட்டிக் கிழக்கே திருப்பிவிட்டார்கள். கூடம் காய்ந்தது. அந்த வருஷம் பட்டினத்துக்குள் பேதியில் ஒருவரும் சாகவில்லை. மகாராணியாரின் தங்கக் கேடயம் வந்து சேர்ந்தது. துரை அதை எடுத்துக்கொண்டு கப்பலேறினார். கல் நட்டு நட்டுச் சுருங்கிய பட்டினத்தில் மிச்சம் இருந்தவர்கள் முப்பத்தொரு பேர், கையசைத்து வழியனுப்பினார்கள்.

கால்வாய்த் தெருவிலும் அந்த வருஷம் சாவு இல்லை. மரகதம் மழையெல்லாம் நனைந்து ஆடினாள். பவுனாம்பாள் ஒருநாள்கூட அவளை வையவில்லை. தெருவார் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு சுகாதார சபை அமைத்து, ஓட்டுப் போட்டு, கோதண்டத்தைத் தலைவராக்கினார்கள். எதிர்த்து நின்றவர் இல்லை. அவனுக்கு ஒரு மேஜை வந்தது, நாற்காலி வந்தது, சட்டையில் பையும் வந்தது. அவன் தலைமையில் தெரு பளிச்சென்று இருந்தது. பார்க்கிறவர்கள் பாராட்டினார்கள், நானும்தான்.

மறு வருஷம் ஆனி மாதம், கோதண்டம் வீட்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தபோது, இடுப்பில் ஒரு குழந்தையோடு ஒருத்தி வந்து நின்றாள். கிழக்குக் குப்பத்துப் படகுக்காரர் வீட்டுப் பெண், மீனாட்சியம்மை என்று பெயர். குழந்தையின் கண் உள்ளே போயிருந்தது.

"அண்ணா, மாளிகைத் தண்ணி எல்லாம் இப்ப எங்க குப்பத்துலதான் வந்து நிக்குது. போன மழையில எங்கள்ல நாப்பது பேரு போயிட்டாங்க. நீங்க அணையைக் கொஞ்சம் தொறந்து, பாதித் தண்ணிய வாங்கிக்கினு கடல் வரைக்கும் ஒரு வாய்க்கால் இழுத்தா, ரெண்டு ஊருக்கும் நல்லது. நாங்களும் வேலைக்கு வர்றோம்."

கோதண்டம் பரிவோடு கேட்டுக்கொண்டான். தலையை ஆட்டினான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா பாரு, உங்க குப்பம் நம்ம சபை எல்லைக்குள்ள வரலை. அங்க நடக்கிறதை இங்க பதிய முடியாது. எதுக்கும் ஒரு மனு எழுதிக் குடுத்துட்டுப் போ."

இட்லி மாவைக் கரைத்துக்கொண்டிருந்த பவுனாம்பாளின் கை நின்றது. அவள் புருஷனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள்.

"துரை கப்பலேறிட்டாருன்னு ஊரே சொல்லிச்சே. எப்ப திரும்பி வந்தாரு?" என்றாள்.

கோதண்டம் ஆடிய மேஜையைக் கையால் பிடித்து நிறுத்தினான். மீனாட்சியம்மை மனு எழுதத் தெரியாமல் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு நின்றாள். மேற்கே மின்னியது. சபையின் அடுத்த கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.