சகலை பார்த்துக்கொண்ட போல்ட்டுகள்

"ஐயோ, இது எப்போ இப்படி ஆச்சு?"

மொட்டை மாடியில் நின்று சகலை தலையில் கை வைத்துக்கொண்டார். சுவரோரம் இரண்டு பலகைகள். இரண்டிலும் வண்டி போல்ட்டுகள், நட்டுகள், சங்கிலித் துண்டுகள் எல்லாம் வரிசையாகக் கம்பியால் கட்டப்பட்டிருந்தன. இடது பலகையில் இருந்தவை புதுக்கருக்கு அழியாமல் மின்னின. வலது பலகையில் இருந்தவையோ செங்கல் பொடியில் புரட்டி எடுத்தது போலத் துருவேறிக் கிடந்தன.

இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கும் எண்ணெய் தயாரிக்கிற கம்பெனி அது. முதலாளியும் அவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். முதலாளி வாய்க்கு வாய் "சகலை" என்று கூப்பிட்டதில், பேக்கிங் பெண்களுக்கும் அவர் சகலையாகிவிட்டார்.

வெளியூர் கிளம்பும்போது முதலாளி சொன்னது ஒன்றுதான்: "நாளைக்குப் பெரிய பஸ் கம்பெனிக்காரங்க வர்றாங்க. மாடியில இருக்கிற போல்ட்டெல்லாம் பத்திரம், சகலை."

மனைவி சொன்னதும் ஒன்றுதான்: "இந்த வேலையும் போச்சுன்னா எங்கக்கா மூஞ்சியில நான் எப்படிங்க முழிக்கிறது?"

"இதுக்கு எண்ணெய் தடவ மறந்துட்டாங்களாம்மா?" என்று பேக்கிங் அக்காவைக் கேட்டார்.

"மாடி சமாச்சாரம் எனக்கென்ன தெரியும், சகலை? முதலாளி அண்ணன் வந்ததும் கேளுங்க."

"அண்ணன் வந்து இதைப் பார்த்தா, கேக்குறதுக்கு நான் இங்க இருக்க மாட்டேன்!"

கிடங்குச் சாவி முதலாளியின் பையோடு போய்விட்டது. எண்ணெய்க் கம்பெனியில் சகலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, வலது பலகைப் போல்ட்டுகளை அவிழ்த்து வினிகரில் ஊறப்போட்டு உப்புத்தாளால் தேய்த்தார். துரு போயிற்று. கழுவி, பழையபடி பலகையில் கட்டி வெயிலில் வைத்துவிட்டு, டீ குடித்துத் திரும்புவதற்குள் போன துரு சொந்தபந்தத்தோடு திரும்பி வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளியிடமிருந்து போன் வந்தது.

"மாடியில எல்லாம் அப்படியே இருக்கா, சகலை?"

"அப்படியே இருக்கு, சகலை," என்றார், துருவில் சிவந்த கையை வேட்டியில் துடைத்தபடி.

மறுபடி தேய்த்து, கம்பெனிச் சமையலறையிலிருந்து சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து பூசினார். அரை மணியில் எறும்பு சாரை கட்டியது.

"என்ன சகலை, எறும்புக்குப் பந்தியா?"

"நீங்க கீழே போங்கம்மா!"

சோப்புத் தண்ணீரில் கழுவினார். எறும்பு போனது, துரு வந்தது. அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. இடது பலகையில் தேவைக்கு மேலேயே எண்ணெய் இருக்கிறதே! துணியால் அழுத்தித் துடைத்து, அதை வலது பக்கம் தேய்த்தார். துணி எல்லா எண்ணெயையும் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. இப்போது இடது பக்கமும் மொட்டை.

ஓட்டமாக வீட்டுக்குப் போய் அலமாரியைக் குடைந்தார்.

"ஏங்க, அது என் குதிகால் வெடிப்புக்கு வாங்கின களிம்புங்க!"

"உன் குதிகால் மெதுவா வெடிக்கட்டும்டி. என் வேலை இன்னைக்கே வெடிக்கப் போகுது!"

களிம்பு பிரமாதமாக ஒட்டியது. ஒவ்வொரு மரையிலும் விரலால் திணித்துப் பூசினார். வலது பலகை முடிந்தபோது டப்பாவும் முடிந்தது.

இரவு மழை கொட்டித் தீர்த்தது. காலையில் வலது பலகை கண்ணைப் பறித்தது. இடது பலகையில்தான் அங்கங்கே அம்மைத் தழும்பு போலத் துரு. ஒரு பக்கமாவது தப்பித்ததே என்று மூச்சு விட்டவர், இடது பலகையை மறைத்துக் கைகட்டி நின்றார்.

முதலாளி பஸ் கம்பெனி மேலாளரோடும் மெக்கானிக்கோடும் படியேறி வந்தார்.

"கொஞ்சம் தள்ளுங்க, சகலை." பலகைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், வந்தவர்களிடம் மனப்பாடமாக ஒப்பித்தார். "இடது பலகையில நம்ம எண்ணெய். வலது பலகையில வேணும்னே ஒண்ணும் தடவல. ரெண்டையும் ஒரு மாசமா மழையில நனைய விட்டோம். வித்தியாசத்தை நீங்களே பாருங்க!"

சகலை மெல்லப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார்.

மெக்கானிக் குனிந்து இடது பக்கத்தைச் சுரண்டிப் பார்த்தார். வலது பக்கத்தைத் தொட்டு, விரலை மோந்தும் பார்த்தார்.

"ஒண்ணும் தடவாததுதான் பளபளன்னு இருக்கு, வாசனையா வேற இருக்கு. அப்புறம் நாங்க எதுக்கு சார் உங்க எண்ணெயை வாங்கணும்?"